சீர் மெத்தை

நவம்பர் 18, திங்கள்

டாக்டர் சொல்லித்தான் இந்த நோட்டு. "சென்னியப்பன், உங்க பிரஷருக்கு மாத்திரை பாதி, வாயை அடக்கறது பாதி. கோபம் வந்தா ஆளுங்க மேல கொட்டாதீங்க. எழுதித் தொலைங்க" என்றார். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

இன்னிக்குக் கொட்ட நிறைய இருக்குது. வெளிநாட்டு பையர் லாட்டை வேண்டாம்னு தள்ளிட்டான். ஒரு பீஸ், ரெண்டு பீஸ் இல்லை, மொத்தமும். கைக்குழந்தை படுக்கற சாய்வு மெத்தை. தலைப்பக்கம் உசரம், கால்பக்கம் இறக்கம், ரெண்டு பக்கமும் தலகாணியாட்டம் மெத்துன்னு அணைப்பு. மஞ்சத் துணியில வாத்துக்குஞ்சு பிரிண்ட். என் தையல் யூனிட்ல இத்தனை வருஷத்துல இவ்வளவு அழகா ஒரு சாமான் தைச்சதில்லை.

பையருக்கும் எங்களுக்கும் நடுவுல ஆர்டர் பார்க்கற மெர்ச்சண்டைசர் பொண்ணு நஸ்ரீன் வந்து உக்காந்து, அடிபட்டவனுக்குக் கட்டுப் போடற மாதிரி மெல்லமாச் சொல்லுச்சு. "சார், தையல்ல குறையே இல்லை. டிசைன்தான் ஃபெயில். அவங்க ஊர்ல சட்டம் மாறிருச்சு. சாய்வா இருக்கற எதுலயும் குழந்தையைத் தூங்க வைக்கக் கூடாதாம். பக்கத்துல மெத்துன்னு எதுவும் இருக்கக் கூடாதாம். படுக்கை சமமா, கெட்டியா இருக்கணும், மல்லாக்கப் படுக்க வைக்கணும், சுத்தி ஒண்ணுமே இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சார் விதி."

"டிசைன் குடுத்ததே அவன்தானே அம்மிணி?"

"அது சட்டம் மாறறதுக்கு முந்திங்க சார்."

கேளு கதையை! காப்பிக் கப்புல 'சூடா இருக்கும்'னு எழுதி ஒட்டறவன் அவன். அவனுக்கு எல்லாத்துக்கும் ஒரு சட்டம் வேணும். நம்ம ஊர்ல புள்ளைங்க எத்தனை கோடி, எதெதுலயோ தூங்கி எந்திரிச்சு வளர்ந்து நிக்குது. கத்திட்டேன். அந்தப் பொண்ணு தண்ணி எடுத்துக் குடுத்துச்சு. அதுவும் கோபமா இருந்துச்சு எனக்கு.

நவம்பர் 20, புதன்

கோகிலாவை அனுப்பி வைக்க நாள் குறிச்சாச்சு, வர்ற ஞாயிறு. அப்பா அம்மா போனதுக்கப்புறம் தங்கச்சிக்குத் தாய்வீடு இந்த வீடுதான். பிரசவமும் இங்கதான் பார்த்தோம். மூணாம் மாசம் புள்ளையைச் சீரோட காங்கேயத்துக்கு, அது புருஷன் வீட்டுக்கு அனுப்பணும்.

அனுப்பவே மனசில்லை. எனக்கும் என் சம்சாரம் தேனுக்கும்னு ஒண்ணு பொறக்கலை. இந்த மூணு மாசமா ஆதிரைக்குட்டிதான் வீட்டுக்கு விளக்கு. தேனு அதைக் கூடத்துல பாய் விரிச்சு, மேல ஒரு போர்வையை இழுத்துக் கட்டி, மல்லாக்கப் படுக்க வெச்சிருக்கா. நான் யூனிட்ல இருந்து வந்தா கை கழுவிட்டு நேரா பாய்க்குத்தான் போறது. என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்குது. தாய்மாமன்னு தெரியுது அதுக்கு.

தொட்டில் சீருக்கு என்ன வைக்கறதுன்னு தேனு கேட்டா. மச்சான் வீட்ல மர ஊஞ்சல் தொட்டில் எதிர்பார்க்கறாங்களாம். சம்பந்தியம்மா ஜாடையாச் சொல்லியிருக்கு.

"குடோன் நிறைய வெளிநாட்டு மெத்தை கிடக்குது. அதுல நல்லதா ஒண்ணு எடுத்து, கீழ தேக்குல சட்டம் அடிச்சு வெச்சா காங்கேயத்துல எவன் வீட்லயும் இருக்காது" என்றேன்.

"தள்ளின சரக்கைச் சீருக்கு வைக்கறதாங்க?"

திருப்பூர்ல பொறந்து வளர்ந்தவ கேக்கற கேள்வியா இது? பையர் தள்ளின சரக்குன்னா லோக்கல் சரக்கை விட நூறு மடங்கு ஒசத்தின்னு ஊருக்கே தெரியும். பட்டன் அரை நூல் நகந்திருக்கும், அதுக்குத் தள்ளியிருப்பான். என் பனியன், அவ நைட்டி, எல்லாம் தள்ளினதுதான். நாங்க கெட்டா போயிட்டோம்?

நவம்பர் 24, ஞாயிறு

ஜமாய்ச்சாச்சு. தட்டுத் தட்டா பழம், புடவை, வெள்ளிக் கொலுசு, அரைஞாண். கடைசியா மெத்தை. தேக்குச் சட்டத்துல மஞ்ச மெத்தையைப் பதிச்சு, மேல கொசுவலைக் குடை, ஓரமெல்லாம் மல்லிச்சரம். ரெண்டு பேர் தூக்கிட்டு நடையில நுழைஞ்சதும் கூட்டம் 'அடேயப்பா'ன்னுச்சு. சம்பந்தியம்மா அமுக்கிப் பார்த்துட்டு, "பஞ்சு என்னமா அமுங்குது! ராஜகுமாரி மெத்தைதான்" என்றது. அது வாயில இருந்து நல்ல வார்த்தை வந்தா மழை வரும்னு நினைச்சேன், சாயங்காலம் நிஜமாவே தூறல்.

குட்டியை அதுல போட்டாங்க. அழுதுட்டிருந்தது, போட்ட வேகத்துல அடங்கிருச்சு. பாதி உக்காந்தாப்புல, அணைப்புக்கு நடுவுல பொதிஞ்சு கிடந்துச்சு. கோகிலா கண்ணுல தண்ணி. "அப்பா இருந்திருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாருண்ணா" என்றது.

எனக்கு வேற என்ன வேணும்?

நவம்பர் 27, புதன்

திண்டுக்கல் சேது வந்தான். செகண்ட்ஸ் லாட்டை, அதான் பையர் தள்ளின சரக்கை, குவியலா வாங்கி மலைப்பக்கம், சந்தைப்பக்கம் விக்கற ஆள். லேபிளை வெட்டிட்டு ஏத்தணும், அதுதான் இந்த வியாபாரத்துல முறை. பில்லும் கிடையாது பேரும் கிடையாது. எந்தக் கடைக்குப் போகுது, எவன் வாங்கறான், அவனும் சொல்ல மாட்டான், நாமளும் கேக்க மாட்டோம். நாய் வித்த காசு குரைக்கவா போகுது?

பாதி லாட் கிளம்பிருச்சு. மீதியைப் பொங்கலுக்கு முன்னாடி எடுத்துக்கறேன்னான்.

டிசம்பர் 3, செவ்வாய்

கோகிலா போன் பண்ணுச்சு. "அண்ணா, நீ குடுத்த மெத்தையில போட்டா அவ அசைய மாட்டேங்கறா. பகல்ல நான் சமையல் முடிச்சு, துணி துவைச்சு வந்தாலும் போட்டது போட்டபடி கிடக்கறா. சத்தமே இல்லை." சந்தோசமா இருந்துச்சு.

மத்தியானம் நஸ்ரீன் வேற ஆர்டர் சாம்பிளுக்கு வந்துச்சு. போற போக்குல, "அந்த லாட்டை என்ன சார் செஞ்சீங்க?" என்றது. பெருமையா இருக்கட்டும்னு மருமவளுக்குச் சீர் வெச்சதைச் சொன்னேன்.

அதுக்கு மூஞ்சி மாறிருச்சு. பையைக் கீழ வெச்சுட்டு என் முன்னாடி உக்காந்துருச்சு.

"சார், கோவிச்சுக்காதீங்க. சின்னக் குழந்தைக்குக் கழுத்து நிக்காது. சாஞ்சு படுத்தா தலை முன்னாடி விழுந்து தாடை நெஞ்சுல ஒட்டிரும். மூச்சுக்குழாய் மடங்கிரும். பக்கவாட்டுல திரும்பினா மூக்கு அந்த அணைப்புல அமுங்கிரும், விட்ட மூச்சையே திருப்பி இழுக்கும். அழுறதுக்குக் கூட அதுக்குத் தெம்பு இருக்காதுங்க சார். சத்தமே வராது. தூங்குதுன்னுதான் நினைப்பாங்க."

"பயமுறுத்தறியா?"

"அங்க குழந்தைங்க செத்துப்போய்த்தான் சார் சட்டம் மாத்தினாங்க. புள்ளை புரள ஆரம்பிச்சா இன்னும் மோசம். எடுத்துருங்க சார்."

இருபது வருஷமா தொழில் பண்றவனுக்கு நேத்து காலேஜ் முடிச்சது பாடம் எடுக்குது. கத்தினதுல பவர் டேபிள்ல தைக்கற லைன் மொத்தமும் மிஷினை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்துச்சு. டாக்டர், மன்னிச்சுக்கோங்க.

டிசம்பர் 9, திங்கள்

காங்கேயம் பக்கம் ஒரு வேலை. அப்படியே குட்டியைப் பார்த்துட்டு வந்தேன். வேலையை வேற நாள் கூட வெச்சிருக்கலாம்தான்.

தூங்கிட்டிருந்தது. தாடை நெஞ்சுல இறங்கி, கழுத்தே தெரியலை. மூச்சு விடறப்ப கொர்ர்னு ஒரு சத்தம், எலிக்குஞ்சு கொறிக்கற மாதிரி. மச்சான் தினகரன் சிரிக்கறாரு. "எங்க வீட்டுக் குறட்டை வாரிசுக்கு வந்துருச்சு மச்சான்!" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அவங்க பலகாரம் எடுக்க உள்ள போனதும் ஒரு விரலால தாடையை நிமிர்த்தி விட்டேன். சத்தம் நின்னுருச்சு. மூச்சு நல்லா வந்துச்சு. கையை எடுத்தேன், தலை மறுபடியும் சரிஞ்சுருச்சு. மறுபடியும் நிமிர்த்தினேன். முறுக்குத் தட்டோட சம்பந்தியம்மா வந்து நின்னு, "என்ன, மருமவளைக் கொஞ்சி முடியலையா?" என்றது.

ஆமாங்கன்னேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

தூக்கமில்லை. டீயைக் குறைக்கணும்.

டிசம்பர் 15, ஞாயிறு

லீவு நாள். குடோன்ல கணக்குப் பார்க்கப் போனேன். ஆள் ஒருத்தரும் இல்லை.

மிச்ச மெத்தைக கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்குது. ஒண்ணை இறக்கிக் கீழ போட்டேன். சும்மாதான். குப்புறப் படுத்து மூஞ்சியை அந்த அணைப்புல வெச்சுப் பார்த்தேன். முதல்ல சொகமா இருந்துச்சு. அப்புறம் மூக்குச் சூடாச்சு. நான் விட்ட காத்தே திரும்பி வருது, புது காத்து வரலை. பஞ்சு மூஞ்சிக்கு ஏத்த மாதிரி அமுங்கி மூடிக்குது. தாக்குப் பிடிக்க முடியாம எந்திரிச்சேன். எனக்குக் கை இருக்குது, ஊணி எந்திரிச்சுட்டேன்.

குடோன்ல எப்பவுமே புழுக்கம். ஜன்னல் வேற சாத்தியிருந்துச்சு. அதுதான் காரணமா இருக்கணும்.

வீட்டுக்கு வந்து தேனுகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், நஸ்ரீன் சொன்னது, குறட்டை, எல்லாம். கேட்டுட்டே இருந்தவ கையில இருந்த கரண்டியைக் கீழ வெச்சா. "இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? தாய்மாமன் வெச்ச சீரே புள்ளைக்கு எமன்னா? அந்த வீட்ல கோகிலா தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? சம்பந்தியம்மா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டும்."

"கோகிலா தலை நிமிர்றது இருக்கட்டும். புள்ளை தலையைப் பாருங்க."

எதிர்த்துப் பேசறதே வேலையாப் போச்சு இவளுக்கு. ஆனா அவ சொன்னது சரி. சரின்னு எழுதறதுக்கே கை வரமாட்டேங்குது.

டிசம்பர் 17, செவ்வாய்

அப்பாடா! ஒரு வழி கிடைச்சுருச்சு.

நேத்து மார்கழி பொறந்துருச்சு. காங்கேயத்துக்குப் போன் போட்டேன், சம்பந்தியம்மாகிட்டயே நேராப் பேசினேன். "நம்ம ஜோசியரைப் பார்த்தனுங்க. பொண்ணு நட்சத்திரத்துக்கு மார்கழி மாசம் புதுச் சீர்ச் சாமான் ஆகாதாமுங்க. தை பொறக்கற வரைக்கும் மெத்தையை எடுத்து மேல வெச்சிருங்க. பாயிலயே மல்லாக்கப் போடுங்க, வேற எதுவும் பக்கத்துல வேண்டாமாம். ரொம்பக் கண்டிப்பாச் சொன்னாருங்க."

சட்டம்னு சொல்லியிருந்தா ஆயிரம் கேள்வி வந்திருக்கும். ஜோசியர்னதும் மறுபேச்சு இல்லை. "நல்ல வேளை சொன்னீங்க தம்பி, இப்பவே எடுத்துடறோம்" என்றது. கோகிலா சாயங்காலம் கூப்பிட்டு, மெத்தையைப் பரண்ல போட்டாச்சுன்னு சொல்லுச்சு. நஸ்ரீன் சொன்ன விதி அத்தனையும் ஜோசியர் வாயில போட்டு நிறைவேத்திட்டேன் பார்த்தியான்னு தேனுகிட்ட சிரிச்சேன்.

அவ சிரிக்கலை. "தை பொறந்தா?"

"அதுக்குள்ள ஒரு மர ஊஞ்சல் செய்யச் சொல்லி, பொங்கச் சீரோட கொண்டுபோய் வெச்சுட்டு இதைத் தூக்கிட்டு வந்துடறேன். ஒரு மாசம் இருக்குதே!"

இன்னிக்கு நல்லா சாப்பிட்டேன்.

டிசம்பர் 23, திங்கள்

சேது லாரியோட வந்து நிக்கறான். முதல் பாதி பறந்துருச்சாம். "அண்ணே, சந்தையில பொம்பளைங்க அடிச்சுக்கறாங்க. இன்னும் வேணும்ங்கறாங்க."

கொஞ்ச நேரம் யோசிச்சேன். யோசிக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா பொங்கல் போனஸ் தலைக்கு மேல நிக்குது, குடோன்ல அடுத்த ஆர்டர் துணி இறக்க இடமில்லை. என்னோட சாமானை விட மோசமானதெல்லாம் கடையில தொங்குது. அதையெல்லாம் யார் கேக்கறாங்க? எல்லாரும் புள்ளையைப் பக்கத்துல இருந்து பார்த்துக்கத்தானே செய்வாங்க? நஸ்ரீனும் 'சாகும்'னு சொல்லலை, 'சாகலாம்'னுதான் சொல்லுச்சு.

ஏத்தி அனுப்பிட்டேன். நம்ம குட்டி பாயிலதான் தூங்குது.

டிசம்பர் 24, செவ்வாய்

குடோன் காலியானது தேனுக்குத் தெரிஞ்சுருச்சு. "அதெல்லாம் எந்த ஊருங்க? எந்தப் புள்ளைங்க?" என்று மட்டும் கேட்டா. எனக்கெப்படித் தெரியும்? கத்தினேன். எழுந்து மாடிக்குப் போயிட்டா.

ஜனவரி 2, வியாழன்

மரக்கடை ஆசாரி சபரிமலைக்கு மாலை போட்டிருக்காராம். பொங்கல் கழிச்சுத்தான் உளியைத் தொடுவாராம். வேற ஆளைப் பார்க்கணும்.

ஜனவரி 8, புதன்

நைட் ஷிப்ட் ஓடுது. ஷிப்மென்ட் பொங்கலுக்கு முன்னாடி போயாகணும். வேற ஆள் பார்க்க நேரமே கிடைக்கலை. தேனு ரெண்டு தரம் நினைவுபடுத்தினா. "தெரியும், தெரியும்" என்றேன்.

கோகிலா குட்டி வீடியோ அனுப்பியிருக்கு. பாயில கிடந்து ஒருக்களிச்சு, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடப் பார்க்குது. முக்கி முக்கி மூஞ்சி செவந்து போகுது. நான் எத்தனை தரம் பார்த்தேன்னு எனக்கே தெரியாது. திருட்டுக் கழுதை, அத்தனை அழகு!

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். சீர் கொண்டு போக முடியலை. கண்டெய்னர் துறைமுகத்துல மாட்டிக்கிச்சு, தூத்துக்குடிக்கும் திருப்பூருக்கும் போன்லயே நாள் போயிருச்சு. கரும்பும் புடவையும் டிரைவர்கிட்டக் குடுத்து விட்டேன். மாட்டுப் பொங்கல் கழிச்சு வர்றோம்னு சொல்லியிருக்கு.

மெத்தை பத்திச் சொல்லணும்னு நினைச்சேன். அவங்க வீட்ல ஆளுங்க நிறைய. போன்ல ஒண்ணும் காதுல விழலை.

ஜனவரி 17, வெள்ளி

எழுதியே ஆகணும். எழுத்து எப்படி வந்தாலும் சரி.

காலையில கோகிலா போன். "அண்ணா, அண்ணா, பாப்பா குப்புற விழுந்துட்டா! நாங்க பார்த்துட்டிருக்கறப்பவே டபக்குன்னு! கொழுக்கட்டை புடிக்கறோம், நீயும் அண்ணியும் உடனே கிளம்பி வாங்க. மாமன் வராம எப்படி?" புள்ளை முதல் தரம் குப்புற விழுந்தா கொழுக்கட்டை செஞ்சு தெருவுக்கே குடுக்கறதுதானே முறை. பின்னால சம்பந்தியம்மா, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சிரிக்கற சத்தம். போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்துச்சு.

"இப்ப என்ன பண்றா?"

"பால் குடிக்கறா. தூங்க வெச்சுட்டுத்தான் மாவு பிசையணும்."

"எதுல தூங்க வைக்கறே?"

"தை பொறந்துருச்சல்ல! பொங்கலன்னிக்கே பரண்ல இருந்து இறக்கி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, உன்ற சீர் மெத்தையிலதான் போட்டோம். அந்த ஒரு மாசம் பாயில தூங்காம என்னைப் பாடாப் படுத்திட்டாண்ணா."

வாய் வரைக்கும் வந்துருச்சு. அதுல போடாதேன்னு ரெண்டு வார்த்தை. ஸ்பீக்கர்ல சம்பந்தியம்மா, "தம்பி, ஜோசியர்கிட்டக் கேட்டு இனி தோஷமில்லைன்னு சொல்லிருங்க" என்று சிரிக்குது. நான் சொன்னது என்ன தெரியுமா? "தூங்க வைக்காதே கண்ணு, நாங்க வர்றப்ப முழிச்சிருக்கட்டும்." சிரிச்சுட்டு வெச்சுருச்சு.

கார்ல இருந்து தேனு கூப்பிட்டுட்டே வந்தா. ரிங் போகுது, எடுக்கலை. கோகிலாவும் எடுக்கலை, மச்சானும் எடுக்கலை. "எடுங்க, எடுங்க"ன்னு அவ போனைப் பார்த்துக் கெஞ்சறா. படியூர் தாண்டி ஒரு நெல்லு லாரி ரோட்டை அடைச்சுட்டுப் போகுது. ஹாரனை அழுத்தின கையை எடுக்கலை நான்.

வீட்டு வாசல்ல கோலம். சமையல்கட்டுல மிக்ஸி ஓடுது, ஆவி பறக்குது, வெல்லப்பாகு மணம். ஏழெட்டுப் பேர் வட்டமா உக்காந்து புடிச்சுட்டிருக்காங்க. கோகிலா மாவுக் கையோட எந்திரிச்சு வருது. "வாண்ணா! இப்பத்தான் உள்ள தூங்கறா. இன்னிக்கு நல்ல அசதி, ஒரு சத்தமில்லை."

நான் செருப்போட ஓடினேன்.

கொசுவலைக்குள்ள குட்டி குப்புறக் கிடந்துச்சு. மூஞ்சி முழுசா அணைப்புக்குள்ள. பின்னந்தலை மட்டும்தான் தெரிஞ்சுது, முடியெல்லாம் வேர்வையில நனைஞ்சு. ஒரு கை துணியைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் அப்படியே நின்னுட்டேன். நின்னேன், அதுதான் உண்மை. தேனுதான் என்னைத் தள்ளிட்டு வலையைக் கிழிச்சுத் தூக்கினா. துணி பொம்மையாட்டம் தலை தொங்குச்சு. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருந்துச்சு.

தேனு குப்புறத் தோள்ல போட்டு முதுகைத் தேய்ச்சா, பாதத்தைச் சுண்டினா, வாயோட வாய் வெச்சு ஊதினா. கோகிலா அலறின சத்தத்துல மிக்ஸி நின்னுருச்சு. 'சாமி, சாமி'ன்னு நான் கத்தினது எனக்கே கேக்கலை. அப்புறம் குட்டி ஒரு விக்கல் விக்குச்சு. இன்னொரு விக்கல். அப்புறம் அழுதுச்சு. உலகத்துல இருக்கற அத்தனை அழுகையும் சேர்ந்து அழுத மாதிரி அழுதுச்சு.

ஆஸ்பத்திரியில ஒரு நாள் வெச்சுப் பார்க்கணும்னாங்க. பயமில்லை, இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா சொல்றதுக்கில்லைன்னு அந்த டாக்டர் சொன்னாரு. எதுல படுத்திருந்ததுன்னு கேட்டாரு. அப்பத்தான் எல்லாரையும் வெச்சுட்டு நான் சொன்னேன், சாய்வு ஆகாது, மெத்துன்னு அணைப்பு ஆகாது, வெளிநாட்டுல தடை பண்ணிட்டாங்கன்னு.

கோகிலா என்னையே பார்த்துச்சு. "உனக்கு எப்பண்ணா தெரிஞ்சுது?"

"இன்னிக்குக் காலையிலதான். நீ போனை வெச்சப்புறம் நஸ்ரீன் கூப்பிட்டுச் சொல்லுச்சு. அதான் விழுந்தடிச்சு ஓடி வந்தோம்."

தங்கச்சி ஆஸ்பத்திரி வராந்தாவுல என் கால்ல விழுந்துருச்சு. சம்பந்தியம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க தாய்மாமன் இல்லீங்க தம்பி, குலதெய்வம்" என்றது. மச்சான் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாரு.

தேனு பெஞ்சு ஓரத்துல உக்காந்து மடியில இருந்த கையைப் பார்த்துட்டிருந்தா.

ஜனவரி 18, சனி

குட்டி வீட்டுக்கு வந்துருச்சு. பாயில மல்லாக்கப் படுத்துச் சிரிக்குதாம். அந்த மெத்தையைத் தோட்டத்துல போட்டுக் கொளுத்திட்டாங்க.

தேனு சோறு போட்டா. கூட உக்காந்து சாப்பிடலை.

சேதுவுக்குப் போன் போட்டேன். எந்தெந்தக் கடைக்குக் குடுத்தேன்னு கேட்டேன். "சந்தைச் சரக்குக்கு விலாசம் இருக்குமாண்ணே?" என்று சிரிச்சான். நானும் சிரிச்சுட்டு வெச்சுட்டேன். வேற என்ன செய்யறது?

ஜனவரி 19, ஞாயிறு

மத்தியானம் கோகிலா கூப்பிட்டுச்சு. நான் சாப்பிட்டுட்டு இருந்தேன், தேனு எதிர்ல.

வேற புள்ளைங்களுக்கும் இப்படி ஆகக் கூடாதுன்னு நேத்தே அந்த மெத்தை போட்டோவைப் போட்டு, நடந்ததையெல்லாம் எழுதிப் போன்ல பரப்பி விட்டிருக்கு. 'எங்கண்ணன் விவரம் தெரிஞ்ச நிமிஷமே ஓடி வந்து காப்பாத்தினார்'னும் எழுதியிருக்கு. ஊரெல்லாம் போயிருச்சாம். இன்னிக்குக் காலையில வேடசந்தூர்ல இருந்து ஒரு பொண்ணு நம்பரைக் கண்டுபிடிச்சுக் கூப்பிட்டிருக்கு.

"அதே மெத்தைண்ணா. மஞ்சத் துணி, வாத்துக்குஞ்சு. சந்தையில வாங்கினாங்களாம், லேபிள் இல்லையாம். மார்கழிப் பாதியில. பையன். போகிக்கு முந்தின நாள் பகல்ல தூங்க வெச்சுட்டுத் தண்ணி புடிக்கப் போயிருக்கா. தூங்கறான்னே நினைச்சுட்டு இருந்திருக்கா..." கோகிலா அழ ஆரம்பிச்சுருச்சு. நான் தட்டைப் பார்த்துட்டே இருந்தேன். ரசம் ஊத்தின சோறு.

"டாக்டர் என்ன நோவுன்னு தெரியலைன்னுட்டாராம். புருஷன் வீட்ல அவளைத்தான் புள்ளையைத் தின்னவள்னு பேசறாங்களாம். என்ற பதிவைப் பார்த்துத்தான் அவளுக்கே விளங்குச்சாம். ஒரே அழுகைண்ணா. யார் தைச்சதுன்னு கேட்டா. எனக்கு வாய் வரலை, தெரியலைம்மான்னு சொல்லிட்டேன். தப்பாண்ணா?"

"இல்லை" என்றேன்.

எதிர்ல தேனு சாப்பிடறதை நிறுத்திட்டா. போன் சத்தம் அவளுக்கும் கேட்டுட்டுத்தான் இருந்திருக்கு. என் மூஞ்சியைவிட்டுக் கண்ணை எடுக்கலை.

"நீ மனசை விட்றாதேண்ணா" என்றது கோகிலா. "உன்ற மேல என்ன தப்பு? உனக்கே முந்தாநாள்தானே தெரியும். சரக்கை வித்தப்பவே தெரிஞ்சிருந்தா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன் கண்ணு, என்றேன்.